கப்பல்ல தொட்டில் கெட்டின கதை

…சும்மா தந்தாலும் போவப்பிடாது மோளே. கைப்பிள்ளைய வச்சிட்டுக் கப்பல்ல ஏறவே பிடாது. உனக்க மடியிலயும் ஒண்ணு கிடக்குல்லா, அதனாலயாக்கும் சொல்லுதேன். பேக்குல என்ன அட்டைன்னு கேட்டியே, இது கப்பல்காரன் ஒட்டினது. பிச்சுப் பாத்தேன், வரமாட்டேங்குது. கொச்சியில ஏத்தி, கடல்ல ஒரு சுத்து சுத்திக் காட்டி, நேத்து ராத்திரி திரும்ப கொச்சியிலயே எறக்கி விட்டான். காலைல ரயில்ல வந்து தம்பானூர் ஸ்டேஷன்ல எறங்கினோம். அங்கேருந்தே எங்க ஊரு நெய்யாற்றின்கரைக்கு பஸ்ஸு உண்டு. ஆனா மூத்தவனுக்கு கால்ல செருப்பு இல்ல. சாலைக் கம்போளத்துல ஒரு கடையில கேறி செருப்பு வாங்கிட்டு, இப்பம் இந்தக் கிழக்கேகோட்டையில வந்து நிக்கோம். பஸ்ஸத்தான் காணல்ல.

பைய பேசணுமா? எதுக்கு, நான் சத்தமாத்தான் பேசுவேன். அந்த நீலப் பெட்டி மேல நமக்கு முதுகக் காட்டிட்டு ஒருத்தரு இருக்காரு பாரு… தோள்ல ஒண்ணு ஒறங்குது, பக்கத்துல ஒண்ணு புதுச் செருப்பக் கழத்திக் கழத்தி மாட்டிட்டு நிக்குது. அதாக்கும் எனக்க மாப்பிள. திரவியம்னு பேரு. தோள்ல கிடக்கது லிபி, மத்தவன் விஜின். நேத்து சாயங்காலத்திலேருந்து இந்த மனுசன் எங்கிட்ட மிண்டல்ல. ஒத்த வார்த்த இல்ல கேட்டியா. ரயில்ல சாயா வந்தது, எனக்கும் வாங்கினாரு. கையில தராம ஜன்னல் பக்கம் வச்சாரு.

ஏசினா ஏசட்டும், அது எனக்குப் பெருசில்ல. எங்க வீட்டுல நாங்க அஞ்சு பெண்ணு. எல்லாரும் ஒரே நேரம் பேசுவோம், ஒருத்தி சொல்லுதத ஒருத்தி கேக்கமாட்டோம். சண்டை போட்டுட்டு அந்தக் கையோட ஒரே பாயில கிடப்போம். இவருக்க வீடு அப்பிடி இல்ல. கோவம் வந்தா எல்லாரும் வாயப் பூட்டிருவாவ. கல்யாணம் முடிஞ்ச புதுசுல நான் எந்தோ ஒண்ணு சொல்லப் போயி, ஒரு வாரம் மிண்டல்ல இந்த மனுசன். அந்த ஒரு வாரமும் நான் அடுக்களையில நின்னு அழுதுட்டேதான் சோறு வடிச்சேன். இப்பவும் அதான் பயம். வீட்டு நடையக் கடந்தாச்சுன்னா ஒரு குளி குளிச்சிட்டு நேரே கடையத் தொறக்கப் போயிருவாரு. பின்ன அங்க குழாய்க்கும் வால்வுக்கும் மத்தியில இருந்து, ராத்திரி வந்து சோத்தத் தின்னுட்டுத் திரும்பிப் படுப்பாரு. எனக்குத் தாங்காது மோளே. பஸ்ஸு வாறதுக்குள்ள இவரு எங்கிட்ட ஒரு வார்த்த பேசணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

ஆமா, பைப்புக் கடைதான். பைப்பு, டேப்பு, வாஷ்பேசின், டாங்கி எல்லாம் உண்டு. அந்தப் பைப்புக் கம்பெனிக்காரன் வருசா வருசம் நெறைய வித்த டீலரையெல்லாம் டூர் கூட்டிட்டுப் போவான். இந்த வருசம் கப்பலு. குடும்பத்தோட வரலாம். நம்ம ஜில்லாவில இவருதான் முதல்ல. ஸ்டேஜ்ல கேத்தி ஷீல்டு தருவோம்னு சொல்லியாச்சு. அதக் கேட்டதிலேருந்து இவருக்கு ஒறக்கம் இல்ல. வெள்ளச் சட்டை ஒண்ணு புதுசா தைச்சாரு. பிள்ளைகள எனக்க அம்மகிட்ட விட்டுட்டுப் போவோம்னு நான் சொன்னேன்… இல்ல இல்ல, அது அவரு சொன்னது. பிள்ளையள விட்டுட்டு வரமாட்டேன்னு நின்னது நானாக்கும். செரி, அது போவட்டு.

கொண்டுபோன சாமானத்தக் கேளு. லிபிக்கு குறுக்குக் கஞ்சி காய்ச்ச ஏத்தவாழைக்காய்ப் பொடி, பெரிய டப்பா நெறைய. கல்கண்டு, வசம்பு, அதை உரசிக் குடுக்கக் கல்லு, காய்ச்சுறதுக்கு ஒரு இண்டக்ஷன் அடுப்பு. ஏறுததுக்கு முன்ன பெட்டிய மெஷினுக்குள்ள விட்டான். ஒரு ஹிந்திக்காரப் பெண்ணு வந்து டப்பாவத் தொறந்து மணத்துப் பாக்கா. பவுடர் பவுடர்னு சொல்லி இன்னொருத்தனைக் கூப்பிடுதா. எனக்குத் தெரிஞ்ச ஹிந்தி ரெண்டே வார்த்த, வாழைப்பழத்துக்கு கேலா, பின்ன பேபி. அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுதேன். அவளுக்கு விசுவாசம் வரல்ல. செரின்னு ஒரு கரண்டி அள்ளி எனக்க வாயில போட்டுக் காட்டினேன். பச்சப் பொடியாக்கும், தொண்டையில போயி அடைச்சுட்டு. அவளே ஓடிப்போயி குடிக்க வெள்ளம் கொண்டு தந்தா. பொடியத் தந்துட்டா, அடுப்ப எடுத்து வச்சிட்டா. கப்பல்ல அடுப்பு ஆவாதாம். அடுப்பு இல்லாம பொடிய வச்சு நான் என்ன செய்ய?

உள்ள போனா… அடேயப்பா. சாலைக் கம்போளத்தை அப்பிடியே எடுத்து உள்ள வச்சாலும் எடம் மிஞ்சும். கப்பலுக்க மேல குளம் வெட்டி வச்சிருக்கான். அதக் கண்டதும் விஜின் சட்டையக் கழத்திட்டு ஓடுதான். ஒரு பையன் குறுக்க வந்து நின்னு, டயப்பர் கெட்டுத பிள்ளையான்னு கேட்டான். ஆமான்னேன். அப்பிடிப்பட்ட பிள்ளைகள குளத்துல எறக்கப்பிடாதாம். கழத்திருதேன்னு சொன்னேன். அப்பம் கொஞ்சமும் பிடாதுங்கான். அந்தக் கோவத்துல விஜின் கால்ல கிடந்த செருப்புல ஒண்ண எடுத்து கம்பி எடவழியா கடல்ல எறிஞ்சிட்டான். எறிஞ்சதும் அழுகை. கப்பலப் பின்னால எடுக்கச் சொல்லு, கப்பலப் பின்னால எடுக்கச் சொல்லுன்னு… ஆட்டோக்காரன்கிட்ட சொல்லுத மாதிரி. எடுக்கமாட்டாவ மக்களேன்னு சொன்னேன். மத்த செருப்பையும் எறிஞ்சிட்டான்.

திங்கதுக்கு ஒரு கொறையும் சொல்லப்பிடாது. நீட்டமா மேசை போட்டு, அதுல பேரு தெரியாததெல்லாம் வச்சிருக்கான். எனக்க பிள்ள கேட்டது கஞ்சியும் பயறும். அவரு… அவரு நேரே அந்த வெள்ளத் தொப்பி போட்ட சமையல்காரன்கிட்டப் போயி கெஞ்சி, சோத்தையும் வெள்ளத்தையும் பிசைஞ்சு கொண்டுவந்து ஊட்டினாரு. அந்த விசயத்துல இவரப்போல ஆளு கிடையாது. இது நான் சொன்னேன்னு அவருக்குக் கேக்காண்டாம்.

இனித்தான் காரியம். லிபிக்கு ஒறக்கம் வரல்ல. எங்களுக்குத் தந்த ரூமுல கம்பி வச்ச ஒரு சின்னக் கட்டிலு கொண்டு போட்டான். அதுல கெடத்தினா தொண்ட கிழிய அலறுதா. பிறந்ததிலேருந்து அவ சீலைத் தொட்டில்லதான் ஒறங்குவா. உனக்கதும் அப்பிடித்தான? பின்னே. எங்க பக்கம் வீடு வார்க்கும்போதே படுக்குத முறிக்கு ஒரு கொக்கி விட்டுத்தான் கான்கிரீட்டு போடுவோம், தொட்டிலுக்குன்னு. கொக்கி இல்லாத முறிய நான் கண்டதே இல்ல. மத்தியானம் சாப்பாடு கழிஞ்சு, பிள்ள அழுது அழுது கண்ணு வீங்கி நிக்கா. அடுத்த முறியிலேருந்து சுவர்ல தட்டுதாவ. நான் அண்ணாந்து பாக்கேன். மச்சுல நடு மத்தியில பளபளன்னு ஒரு சாமானம் தொங்குது. சின்னதுதான், ஆனா இரும்பு. கையெட்டுத ஒயரம்.

பின்ன என்ன, தொட்டில் கெட்டியாச்சு. புது வாயில் சீலை. பிள்ளைய வைக்கதுக்கு முன்ன இழுத்துப் பாக்கணும்லா, அதான முறை. இழுத்தது ஒரு இழுப்பு.

டப்புன்னு ஒரு சத்தம். மேலேருந்து கறுத்த வெள்ளம் அடிக்குது மோளே. சாக்கடை நாத்தம். தீ பிடிச்சா அணைக்கதுக்கு வச்சிருக்க குழாயாம் அது, ஸ்பிரிங்க்ளர். மெத்த போச்சு, பெட்டி போச்சு, அந்த வெள்ளச் சட்டையும் போச்சு. கப்பல் முழுசும் மணி அடிக்குது. வராந்தாவுக்கு ஓடிவந்தா, எல்லா டீலரும் பெண்டாட்டி பிள்ளையோட வெளிய நிக்கான். மிதக்குத சட்டைய மாட்டிட்டு ஒருத்தன், இடுப்புல வெறும் துவர்த்தோட ஒருத்தன். கொல்லத்துக்காரி ஒருத்தி ஜெபமே சொல்ல ஆரம்பிச்சுட்டா. இவரு நனைஞ்ச கைலியோட, விஜினத் தூக்கிட்டு நிக்காரு. விஜின் மழை மழைன்னு கையத் தட்டுதான். லிபி என்ன செய்தா தெரியுமா? அந்த மணிச் சத்தத்துல எனக்க தோள்ல சாஞ்சு சொகமா ஒறங்கிட்டா. நான் அவ்வளவு நேரம் பட்ட பாடு, ஒரு மணி அடிச்சிருந்தாப் போதுமாயிருந்தது.

சிரிக்காத. எனக்கும் அப்பம் சிரிப்பு வந்தது, அடக்கிட்டேன். சாயங்காலம் ஆனப்பறம்தான் எனக்கு சிரிப்பு நின்னது. ஷீல்டு தருத மீட்டிங்கு. இவருக்குப் போடச் சட்டை இல்ல. பத்தனம்திட்டைக்காரரு ஒருத்தரு தந்தாரு, அதுல இவரப்போல ரெண்டு பேரு கேறலாம். அதைப் போட்டுட்டு ஸ்டேஜ்ல ஏறினாரு. கம்பெனி மேனேஜர் பகவதிப்பெருமாள் சாரு மைக்கப் பிடிச்சிட்டு சொல்லுதாரு, ஜில்லாவில அதிகம் பைப்பு வித்தவரும் இவருதான், கப்பல்ல அதிகம் வெள்ளம் விட்டவரும் இவருதான்னு. அந்த ஹாலே சிரிச்சுட்டு மோளே. பிள்ளைகள் வரை சிரிக்குது. இவரு ஷீல்ட வாங்கி கக்கத்துல வச்சிட்டு எறங்கி வந்தாரு. எனக்க பக்கத்துல வந்து இருந்தாரு. அப்பம் பூட்டின வாயாக்கும் அது.

என்னது… தொட்டில யாரு கெட்டினதா?

நல்லாக் கேட்ட. அங்க இருக்காரே, அவருதான். வேற யாரு கெட்டுவா? நான் வேண்டாம்னு சொன்னேன். கேக்கணுமே. இது நம்ம கடைச் சாமானமாக்கும், ஆனையக் கெட்டினாலும் நிக்கும்னு சொல்லிட்டுக் கட்டில்ல ஏறினாரு.

இரு, கழுத்து இப்பம் ஒண்ணு அசைஞ்சது. பாத்தியா? நீ அங்க பாக்காத, எனக்க மூஞ்சியப் பாரு.

இத்தனை வருசமா பைப்புக் கடை வச்சிருக்காரு, ஸ்பிரிங்க்ளர் எது கொக்கி எதுன்னு தெரியல்ல. சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அதும் கெட்டினாரே ஒரு கெட்டு, கோணலா, ஒரு பக்கம் பாரம் இழுத்துக்கிட்டு… முடிச்சு போடக்கூடத் தெரியாத ஆளு எப்பிடிக் குழாய மாட்டிக் குடுப்பாருன்னு நான் யோசிச்சேன். இனி யாராவது வீடு வைக்கோம்னு வந்தா நானே சொல்லிருவேன், எங்க கடை வேண்டாம், அமரவிளையில வேற கடை உண்டு, அங்க போங்கன்னு. அவன் போட்டாத்தான் லீக்கு அடிக்காதுன்னு…

ஆங்? என்ன சொன்னீங்க? கேக்கல்ல, பஸ்ஸுச் சத்தம். இன்னொருக்க சொல்லுங்க.

கேட்டியா மோளே, கேட்டியா? "நான் கெட்டியிருந்தா அது பொட்டி ஒழுகியிருக்காது"ங்காரு. பேசிட்டாரு. அம்மையாண, பேசிட்டாரு.

ஆமா, நான்தான் கெட்டினேன். எனக்க கையாலதான் கெட்டினேன். அவரு குளிமுறியில விஜினுக்கு கால் கழுவிட்டு நின்னாரு. வந்து பாத்து, ஏய் அதுல தொடாதேன்னு சொல்லுததுக்கும் நான் தொங்கி இழுக்கதுக்கும் செரியா இருந்தது. பின்ன கப்பல் ஆபீசர், வெள்ள யூனிஃபார்ம் போட்ட ஒரு சாரு வந்து, இத யாரு செய்தான்னு எல்லாரையும் வச்சுக் கேட்டான். எனக்கு நாக்கு எழும்பல்ல. இத்தனை பேசுத எனக்கு, நாக்கு எழும்பல்ல. இவரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. நான்தான் சார்னு சொல்லிட்டாரு. பைப்புக் கடைக்காரரு, அத்தனை டீலருக்கும் முன்னால. எனக்காகப் பழிய ஏத்துட்டு ஊரு சிரிக்க நின்ன மனுசன் எங்கிட்ட மிண்டாம இருந்தா, எனக்குத் தாங்குமா? நீயே சொல்லு.

என்ன சொல்லுதீங்க? பிள்ளைகள அம்மகிட்ட விடுவோம்னு அப்பமே சொன்னேன்லான்னா? சொன்னீங்க. அடுப்பு வேண்டாம்னு சொன்னேன்லாவா? அதும் சொன்னீங்க. கண்டவங்ககிட்ட எல்லாம் குடும்பக் காரியத்தப் பேசாதன்னா? அதத்தான் கல்யாணம் ஆனதிலேருந்து சொல்லுதீங்க.

மோளே, அந்தா வருது எங்க பஸ்ஸு. நீ அந்தப் பெட்டிய மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு. விஜினே, செருப்ப மாட்டு. இஞ்ச பாருங்க, பிள்ளைய எங்கிட்ட தாங்க. இல்ல, நீங்க நிறுத்தாதீங்க, ஏசுங்க. நெய்யாற்றின்கரை வரை நேரம் கிடக்கு. நான் ஜன்னல் பக்கம் இருந்து கேட்டுட்டே வாறேன்.