தனிப்பாய்ச் சோறு

– கொலைகாரன் யாரு? அத மொதல்ல சொல்லு.

– மேடேறி வந்திருக்கேன், மூச்சு வாங்கவாச்சும் விடுங்க.

– மூச்சு அப்புறம் வாங்கிக்கலாம், ஜோசப்பின். ரெண்டு நாளா எனக்குக் களையும் ஓடல, செபமும் ஓடல. உன் தம்பி டெனிச நான் பள்ளத்துல தள்ளிக் கொன்னதா அந்தப் படத்துல காட்டிட்டானா?

– இல்லீங்க.

– இல்லையா?

– இல்லவே இல்லீங்க. படம் பூரா மச்சான்காரன் மேலதான் சந்தேகம். கடைசியில பாத்தா, நெலம் வாங்க வந்த டவுன்காரன். மச்சான் ஒரு பாவமும் அறியாதவன்.

– கர்த்தாவே, உமக்கு ஸ்தோத்திரம். என் வழக்கு உமக்கு மறைவானதில்லையே. கொஞ்சம் இரு, உக்காந்துக்கிறேன்.

– பாத்து! பூண்டுப் பாத்தி மேலயே உக்காந்துட்டீங்க.

– கெடக்கட்டும். பூம்பாறைக்கு அந்தப் படக்காரங்க வந்த நாளையிலிருந்து ஊரு என்ன பேசுச்சு? ‘பவுல்ராஜ் கதையத்தான் எடுக்குறாங்க, படம் வந்த மறுநாள் போலீசு வந்துரும்’னு. ஜீப்பு சத்தம் கேட்டாலே களைக்கொத்தப் போட்டுட்டு ஓடி ஒளிஞ்சுக்குவேன்.

– அவங்க நம்ம பேரையே எடுக்கல. அமெரிக்காவுல ஆமிஷ்னு ஒரு சனமாம். நம்ம எளியோர் சபை மாதிரியே கரண்டு கெடையாது, போட்டோ கெடையாது, சத்தியம் பண்ண மாட்டாங்க. அங்க நடக்குற கொலைன்னு எடுத்திருக்காங்க. ஆனா பொழுதன்னைக்கும் தெரியிறது நம்ம பூம்பாறைச் சரிவுதான்.

– குதிரை வண்டியெல்லாம் ஓடுதாமே?

– ஆத்தாடி, அதக் கேக்காதீங்க. கொடைக்கானல் ஏரியில சவாரி விடுற குதிரைங்க. வண்டி இழுத்துப் பழக்கமே இல்ல. கதாநாயகன் கொலைகாரனத் தொரத்திக்கிட்டு ‘வெரசாப் போ, வெரசாப் போ’ங்கிறான். அது நின்னு நம்ம கேரட்டத் திங்குது.

– சிரிக்க வைக்காத.

– சிரிங்க. வயக்காட்டுலதான நீங்களும் நானும் பேச சபை விட்டிருக்கு. வீட்டுக்குள்ள போயிட்டா உங்களுக்குப் பேச்சும் கெடையாது, சேந்து சாப்பிடப் பெஞ்சும் கெடையாது.

– தனிப்பாயும் தனித்தட்டும்தான் கதி. சபை என்னை ஒதுக்கி வச்சு ஏழு வருஷம் ஆச்சு. டெனிசக் காணோம், பள்ளத்தோரம் அவன் செருப்பு மட்டும் கெடந்துச்சு. முந்தின நாள் நானும் அவனும் போட்ட சண்டை ஊருக்கே கேட்டுச்சு. ‘நீ செஞ்சியா’ன்னு சபை மூப்பர் கேட்டாரு, ‘இல்ல’ன்னேன். சத்தியம் பண்றது நமக்குப் பாவம். போலீசுக்குப் போறதும் பாவம். நான் எதைக் காட்டி என் கை சுத்தம்னு சொல்ல?

– இப்பக் காட்டலாங்க.

– படத்தக் காட்டியா? அது கட்டுக்கதை, பெண்ணே.

– கதையில்லாதது ஒண்ணு அதுக்குள்ள கெடக்கு. படத்துலயும் ஒரு தம்பிய ஒதுக்கி வச்சுப் பாயில உக்கார வைக்கிறாங்க. அக்காகாரி சோறு போடுறா. சோத்துக்கு அடியில, யாருக்கும் தெரியாம, சுட்ட பூண்டு ஒரு பல்லு வைக்கிறா.

– எனக்கு நீ வைக்கிற மாதிரியா?

– உங்களுக்கு வைக்கிறதுக்கு முந்தி டெனிசுக்கு வச்சேன். சினிமா பாத்தான்னு சபை அவன ஒதுக்குச்சே, அந்த மாசம் பூரா. ‘எல்லாரும் விட்டாலும் நான் விடல’ன்னு அர்த்தம்.

– அப்ப எனக்கும் தெரிஞ்ச சேதிதான அது? பவுல்ராஜே படக்காரன்கிட்டச் சொல்லிக் குடுத்தான்னு பேசுவாங்க.

– தின்னுட்டு நீங்க தோல என்ன பண்ணுவீங்க?

– தோலா? அதையும் சேத்து முழுங்கிருவேன். யாரும் பாத்துறக் கூடாதே.

– அவன் முழுங்க மாட்டான். தோல ரெண்டாக் கிழிச்சு, தட்டோரத்துல சிலுவையா வச்சு, எனக்கு மட்டும் தெரியுற மாதிரி தட்ட என் பக்கம் திருப்பி விடுவான். ‘சாப்பிட்டேன்க்கா, நல்லாருக்கேன்’னு அர்த்தம். தட்டக் கழுவுற எனக்கும் அவனுக்கும் மட்டுந்தாங்க அது தெரியும். அந்தத் தோலு, அந்தச் சிலுவை, படத்துல வந்துச்சு.

– ஜோசப்பின்…

– கொட்டகையில வாயப் பொத்திக்கிட்டு அழுதேன். கடைசியில பேரு ஓடுச்சு. வசனம்னு போட்டு, டெனிஸ்.

– நாட்டுல எத்தனையோ டெனிஸ்.

– தோலச் சிலுவையா வைக்கிறவன் ஒருத்தன்தான்.

– உயிரோட இருக்கானா? பாவி! அப்ப செருப்ப ஏன் விட்டுட்டுப் போனான்?

– நம்ம சபைச் செருப்பு, கயிறு வச்சுக் கட்டுறது. அதப் போட்டுக்கிட்டு டவுனுக்குப் போனா சிரிப்பாங்கன்னு கழட்டி எறிஞ்சிருப்பான். நாம அதப் போயி சாவுன்னு எடுத்துக்கிட்டோம்.

– ஒரு காயிதம் போட்டிருக்கக் கூடாதா?

– போட்டிருப்பான். ஒதுக்கமானவன் காயிதத்தப் பிரிக்காமலே அடுப்புல போடுற ஊருல, அது யார் கைக்கு வந்திருக்கும்?

– என் ஆத்துமாவே, இனி இளைப்பாறு. ஏழு வருஷக் கல்லு நெஞ்சவிட்டு எறங்குது… ஒண்ணு கேக்கவா? நீ என்னைச் சந்தேகப்பட்டதுண்டா?

– பட்டேங்க. மொத ரெண்டு மழைக்காலம்.

– பட்டுக்கிட்டேயா பூண்டு வச்ச?

– வைக்காம இருக்க முடியலையே.

– …போதும். அது போதும் எனக்கு. இத நாம நமக்குள்ளயே வச்சுக்குவோம்.

– எதுக்கு? நாளைக்கு வெள்ளனே சபை கூடுது. எந்திரிச்சுச் சொல்லப்போறேன். மூப்பர் ஆள விட்டு அவனத் தேடிப் பாக்கட்டும். அப்புறம் உங்களுக்குப் பெஞ்சுல எடம்.

– நில்லு. என்னன்னு சொல்லுவ? வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு விக்கப் போனவ, பெரியகுளத்துல முக்காடு போட்டு சினிமாப் பாத்தேன்னா? உன் தம்பிய ஒதுக்குனதே அந்தக் குத்தத்துக்குத்தான்!

– தெரியும்.

– சந்தையில யாரோ பேசிக்கிட்டாங்கன்னு சொல்லு. எனக்காக.

– கேட்டவ சாட்சியாக மாட்டா, கண்டவதான் சாட்சி. நம்ம சபைச் சட்டம். நீங்கதான கலியாணமான புதுசுல எனக்குச் சொன்னீங்க.

– உன்னை ஒதுக்கிருவாங்க, ஜோசப்பின்! விளங்குதா உனக்கு? நான் பெஞ்சுல ஏறுற அன்னைக்கே நீ எறங்கணும்!

– லாரியில வரும்போதே அதெல்லாம் யோசிச்சாச்சு. நாளையிலிருந்து அந்தப் பாயி எனக்கு. பூண்டக் கருக விடாம சுடுங்க, சோத்துக்கு அடியில நல்லா மறைச்சு வைங்க. தோலு தட்டோரத்துல சிலுவையா இருக்கான்னு பாத்துட்டு அப்புறமாக் கழுவுங்க.