கண்ணாடித் தொட்டியில் மண்

— இந்தப் பெட்டி போதுமா ஜெபகனியம்மா? ரெண்டு சீவன்தானே. வழிக்கு ஈரத் துணியும் வச்சிருக்கேன்.

— பெட்டி போதும் சுயம்புலிங்கம் சார். மழ பெய்யுத நேரத்துல அதுகளை எடத்த விட்டு எளக்கப்படாது, அதைத்தான் அப்பத்துலேருந்தே சொல்லுதேன். ஒரு மூணு மாசம் கழிச்சு வாருங்க.

— அது இருக்கட்டும். உத்தரவு என் கையில இருக்கு. இருபதாம் தேதி பட்டணத்துல புதுக் காட்சிக்கூடம் திறக்குதாங்க. அதுக்கு முன்ன உங்க குருடி ரெண்டும் அங்க போய்ச் சேரணும்.

— அங்கன எவ்வளவு மண்ணு போடுவாங்க?

— ரெண்டு விரல்கடை. மேல லைட்டு. அப்பத்தானே ஆளுங்க பாக்க முடியும். இங்க என்ன நடக்குது? வாறவங்க எழுதுத நோட்டைப் புரட்டிப் பாத்தேன். ‘பேச்சிப்பாறை வரைக்கும் வந்து கண்ணாடித் தொட்டியில மண்ணைப் பாத்தோம்’னு ஒருத்தரு எழுதியிருக்காரு.

— பின்ன, மண்ணுக்குள்ள கெடக்குத சீவன் மண்ணுக்குள்ளதான் கெடக்கும். குருடி தவளைக்குச் சொந்தம், ஆனா காலு கெடையாது. கண்ணும் பேருக்குத்தான். வெளிச்சம் பட்டா வெரண்டு போவும். போன வருசம் பழைய கூடத்துக்கு மூணு தவளை கொண்டு போனாங்களே, அது என்னாச்சு?

— செத்துப் போச்சு. லைட்டுச் சூடு. அதைச் சரி பண்ணியாச்சுன்னு எழுத்துல குடுத்திருக்காங்க.

— எழுத்துல.

— எனக்குப் பாடம் எடுக்காதீங்கம்மா. இருபது வருசமா நானும் காட்டுலதான் அலையுதேன்.

— பாடம் பிள்ளையளுக்குத்தான் சார் எடுக்கேன். பாம்புன்னு நெனச்சு கண்ட எடத்துல வெட்டுதாங்கல்லா, அதுக்குத்தானே அனுமதி வாங்கி ரெண்டைக் கொண்டு வச்சோம். களியல் ஊருல நேசமணின்னு ஒருத்தரு. மரச்சீனிக் கெழங்கு பிடுங்கையில எத்தனையை மம்பட்டியால துண்டு போட்டாரோ, அவருக்கே கணக்கில்ல. அவருக்க மக பள்ளிக்கூடத்துலேருந்து இங்க வந்து கேட்டுட்டுப் போனா. போன மாசம் ஒண்ணைக் கண்டு, மண்ணைத் திரும்ப மூடிட்டு எனக்குப் போன் போட்டாரு. அந்தப் பிள்ளையும் இங்க மண்ணைத்தான் பாத்துது.

— நல்ல காரியம்தான். ரிப்போர்ட்டுல எழுதியிருக்கலாம். ஆனா தேதியை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. கரண்டியை எடுங்க, நானே தோண்டிக்கிடுதேன்.

— சார்.

— என்ன?

— தோண்டாண்டாம். அது ரெண்டும் செத்துப் போச்சு.

— எப்ப?

— ஈஸ்டர் சமயத்துல. இனயத்துல மூத்தவ வீட்டுக்கு மூணு நாளு போயிருந்தேன். வந்து பாத்தா மண்ணு காய்ஞ்சு பொடியாக் கெடக்கு. ரெண்டும் சுருண்டு கெடந்துது. பொறத்த வாழ மூட்டுல குழி தோண்டிப் போட்டேன்.

— ரெண்டு மாசமா ஏன் சொல்லல்ல?

— பயம்தான்.

— இந்த ரெண்டு மாசமும் வந்த பிள்ளையள்கிட்ட உள்ள இருக்குன்னா சொன்னியோ?

— ஆமா.

— இது லேசுப்பட்ட காரியமில்ல ஜெபகனியம்மா. பாதுகாக்கப்பட்ட சீவன். கவனிக்காம விட்டுச் செத்துது, அதை மறைச்சும் வச்சாச்சு. இனி உங்களை இங்க வச்சிருக்க முடியாது. கேஸும் வரலாம்.

— தெரியும் சார்.

— ஒம்பது வருசம் இங்கயே கெடந்திருக்கியோ. வேற என்ன செய்வியோ?

— பழைய தொழிலு கையில இருக்கு. ரப்பர் வெட்டப் போவேன். சின்னவளுக்கு நர்சிங் இன்னும் ஒரு வருசம்தான்.

— அது இருக்கட்டும். மண்ணு நல்ல ஈரமா இருக்கே.

— பாக்க வாறவங்களுக்குச் சந்தேகம் வரப்படாதுல்லா, தண்ணி தெளிச்சுக்கிட்டே இருந்தேன்.

— ஒருக்கா கிளறிப் பாத்துடட்டுமா?

— பாருங்க. கரண்டி இந்தா இருக்கு.

— வேண்டாம், வையுங்க. தன் வேலை போவும்னு தெரிஞ்சே யாரு இப்பிடிப் பொய் சொல்லப் போறா. இந்தாங்க பேப்பர். உங்க கையாலயே எழுதணும்.

— என்னன்னு எழுத?

— நடந்ததை எழுதுங்க. ஊருக்குப் போனது, மண்ணு காய்ஞ்சது. மறைச்சதையும் எழுதுங்க. சுஜின், டிக்கெட் கவுண்டரைப் பூட்டிட்டு இங்க வா. சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேணும்.

— வந்துட்டேன் சார். அக்கா, இது என்ன எழுதியிருக்கியோ? செத்துப் போச்சா?

— கையெழுத்துப் போடு மக்கா.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்லியே.

— உனக்குத் தெரியாதுன்னா அது உனக்கு நல்லதுதான் சுஜின். இவங்க என் முன்னால எழுதிக் குடுத்தாங்க, அதுக்கு மட்டும்தான் நீ சாட்சி. போடு. செரி. ‘உயிருடன் இல்லை’ன்னு பதிவேட்டுல குறிச்சாச்சு. தொட்டியைக் கழுவிக் கவுத்திருங்க. நாளைக்கு ஆபீசுக்கு வந்து சாவியைக் குடுங்கம்மா.

— மண்ணை என்ன செய்ய சார்?

— வெறும் மண்ணுதானே, எங்கயாவது தட்டுங்க. நான் வாறேன். எனக்கும் வருத்தம்தான்.

— போயிட்டு வாருங்க சார்.

— வண்டி வளைவு தாண்டிட்டு அக்கா. இப்பமாவது சொல்லுங்க. ஈஸ்டருக்கு நீங்க இனயம் போன மூணு நாளும் நான்தானே தண்ணி தெளிச்சேன். மண்ணு காயவே இல்லியே. எனக்க மேல பழி வரப்படாதுன்னா நீங்க ஏத்துக்கிட்டியோ?

— ஒனக்க மேல என்ன பழி? நீ செய்ய வேண்டியதைச் செஞ்ச. வா, தொட்டியை அந்தப் பக்கம் பிடி. வாழத்தோட்டம் தாண்டி ஓடைக்கரைக்குக் கொண்டு போணும். அங்கேருந்துதானே எடுத்தோம்.

— வெறும் மண்ணுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? இங்கனயே கவுத்திரலாமே.

— ஆட்டாத தூக்கு மக்கா. தாயி முட்டையைச் சுத்திக் கெடக்கா.