தானியக் கிடங்குக்குக் கீழே

மலைக்கோட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே வந்துவிட வேண்டும், ஐயா. வெயில் ஏறிவிட்டால் முந்நூற்றுப் பன்னிரண்டு படியும் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். இருபத்தாறு வருஷம் அங்கே வழிகாட்டியாக இருந்தவன் சொல்கிறேன்.

எண்ணூறு வருஷத்துச் சுவர்களை நூல் பிடித்து அளந்து அளந்து, இரண்டு மதில்களுக்கு நடுவே ஒளிந்திருந்த படிக்கட்டை நான்தான் கண்டுபிடித்தேன். அங்கேயே என்னோடு வழிகாட்டியாக இருந்த தம்பிக்கு மட்டும் காட்டினேன். அப்பா போனபின் நான் தோளில் தூக்கி வளர்த்தவன்.

"உயிரே போனாலும் வாயத் திறக்க மாட்டேண்ணே" என்றான்.

அடுத்த மாதமே அதிகாரிகள் வந்தார்கள். படிக்கட்டைக் கண்டுபிடித்தவன் என்று அவனை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவன் தலைமை வழிகாட்டியானான். என்னை வாசலில் டிக்கெட் கிழிக்க உட்காரவைத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. "எங்கண்ணனுக்கு இத்தன வருஷமா சுவரு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது" என்று வருகிறவர்களிடம் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

அவனுக்குக் காட்டாதது ஒன்று மிச்சமிருந்தது. ஒரு விடுமுறை நாளில் கூப்பிட்டேன்.

"தானியக் கிடங்குக்குக் கீழ ஒரு குழி இருக்கு. பாக்கறியா?"

"எனக்கா காட்டறே?"

"வேற யாருக்குடா?"

டார்ச்சோடு ஏணியில் இறங்கினான். "அண்ணே, இங்க என்னமோ செதுக்கியிருக்கு" என்று குரல் கொடுத்தான். ஏணியை மேலே இழுத்தேன். மூடுகல் கனமானது. கடப்பாரை போட்டு நெம்பும்போது இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது.

தேடியவர்களுக்கு நான்தான் வழிகாட்டினேன். கோட்டையை என்னளவு அறிந்தவர் யாருமில்லை. "நீங்கதான் மாமா கண்டுபிடிச்சுத் தரணும்" என்று தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் சாப்பிடும்மா என்றேன்.

தினமும் கதவு திறக்குமுன் போய்க் கல்லில் காது வைத்தேன். தண்ணீர் கேட்டான். பிள்ளைகளின் பெயரைச் சொன்னான். மன்னித்துவிடு என்றும் சொன்னான், எதற்கென்று சொல்லவில்லை. படிக்கட்டைக் கண்டுபிடித்தது அண்ணன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல்லை நகர்த்தியிருப்பேன். அதை நான் எடுத்துக்கொடுக்கவில்லை. அவனுக்கே தோன்ற வேண்டாமா?

நாலாம் நாள் சத்தமில்லை. அப்போதும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன், ஐயா. வேறெந்த அண்ணனும் ஒரு தம்பிக்கு இவ்வளவு அவகாசம் கொடுத்திருக்க மாட்டான்.