நானூற்றைம்பது வயது நாற்காலி

கைக்கடிகாரத்தைக் காட்டிக் காட்டி என்னை மிரட்டும் பெருமதிப்பிற்குரிய அறங்காவலர் குழுத் தலைவர் அவர்களே! பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்ட நம் பழைய ஆஷ்கோம் மாளிகையில் அறைக்கொருவராய் அயராது காவல் நிற்கும் அன்புத் தொண்டர்களே! அகழியோரத்து ரோஜாக்களை ஆளாக்கிய பெரியோர்களே! தேநீர்க்கூடத்தில் கேக் சுட்டுக் கைசிவந்த தாய்மார்களே! வணக்கம்.

நான் ஹில்டா பார்ஜிட்டர். பதினோரு ஆண்டுகளாக மாடிப் பேரறையில் நிற்பவள். டியூடர் அரச வம்சத்துக் காலத்து நாற்காலியை உடைத்தேனாம். என்னை நீக்கத் தீர்மானமாம். தீர்ப்பெழுதும் முன் சனிக்கிழமை நடந்ததைக் கேளுங்கள்.

தோட்டமெல்லாம் சுற்றிவிட்டு மாடியேறி வந்தார் பெர்சி டாட்வெல் என்ற முதியவர். கூடவே அவர் மனைவி ஐவி. வந்தவர் முகம் வெளுத்தது, வியர்வை வழிந்தது, கை நெஞ்சைப் பிடித்தது.

"ஏங்க, முதல்ல உக்காருங்க!"

"எங்க உக்கார்றது ஐவி? எல்லாத்துலயும் பைன் காய் வச்சிருக்காங்க பாரு."

பழம்பொருள் நாற்காலியின் மேல் காய் இருந்தால் உட்காரக் கூடாது. அது நம் வழக்கம். உயிர் ஊசலாடும்போதும் அதை மதித்தாரே அந்த மனிதர்! அங்கே யார் சிரிப்பது? சிரியுங்கள் ஐயா, அடுத்து நான் சொன்னதைக் கேட்டால் அடங்கிவிடும்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க, கீழ தேநீர்க்கூடத்துல உக்காந்துக்கலாம்" என்றேன். நான்தான் சொன்னேன்! முப்பது படி இறங்கச் சொன்னேன்!

"மன்னிச்சுக்கம்மா, உனக்கு வீண் தொந்தரவு" என்றார் அவர். மன்னிப்புக் கேட்டபடியே வாசலை நோக்கி ஓரடி வைத்தார். முழங்கால் மடிந்தது.

மரமா பெரிது? மனிதனா பெரிது? மரபா பெரிது? மூச்சா பெரிது? காயை வீசினேன், நாற்காலியை இழுத்தேன், அவரை அமர்த்தினேன். மடாரென்று முறிந்தது முன்கால்! சரிந்த நாற்காலியை என் தோளில் தாங்கிக்கொண்டு மண்டியிட்டேன். ஆம்புலன்ஸ் வரப் பத்தொன்பது நிமிடம்.

"தூங்காதீங்க, பாவி மனுசா, என்னைப் பாருங்க!" என்று அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார் ஐவி.

பெர்சி பிழைத்துவிட்டார். இன்று காலை கஞ்சி குடித்தாராம். கைதட்டாதீர்கள், அந்தக் கைதட்டலுக்கு நான் தகுதியற்றவள்.

தலைவர் அவர்களே! என்னை நீக்குங்கள், தலைவணங்கி ஏற்கிறேன். ஆனால் காரணத்தை மட்டும் திருத்துங்கள். நாற்காலியைத் தச்சர் ஒட்டிவிடுவார். மூச்சுக்குத் தவித்த மனிதரை ஒரு நிமிடம் நிற்கவைத்தாளே, அதற்காக நீக்கினோம் என்று எழுதுங்கள்!

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.