எட்டு விநாடி

டம டமவென்று நான் கேரவன் கதவைத் தட்டிய சத்தம் கேட்டுத்தான் மாந்தோப்புக் காவல்காரர் ஓடிவந்தார். மூன்றரை மணிக்குக் காபிக்கு எழுப்பச் சொல்லியிருந்தான் சுரேஷ்பாபு. சொன்ன நேரத்துக்குச் சொன்ன காரியத்தைச் செய்வது என் பழக்கம், மேடம். முப்பது வருஷத் தொழிலில் நான் ஒரு வண்டியைக்கூடத் தாமதமாகக் கொடுத்ததில்லை. சித்தூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், வேங்கடாசலம் ஷெட் என்றால் அப்படித்தான் சொல்வார்கள்.

கதவு திறக்கவில்லை. காவல்காரர் கடப்பாரையால் நெம்பினார். உள்ளே ஏ.சி. நன்றாகக் குளிர்ந்திருந்தது. ஒரு படுக்கையில் சுரேஷ்பாபு, எதிர்ப் படுக்கையில் அவன் மனைவி ரோஹிணி. தூங்குகிறவர்கள் போலவே இருந்தார்கள். முகம் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது.

மண்ணில் இருந்த சக்கரத் தடத்தை நீங்கள் காட்டியபோதும் நான் மறுக்கவில்லை. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

பழைய பஸ், வேன் கொண்டுவந்து விட்டால், கட்டில், கழிப்பறை, ஏ.சி. எல்லாம் வைத்து அதைக் கேரவன் ஆக்கிக் கொடுப்பது என் தொழில். திருப்பதி, காணிப்பாக்கம் என்று குடும்பத்தோடு சுற்றுகிறவர்கள் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள். இரும்பு, மரவேலை என்னுடையது. கரன்ட் வேலை சுரேஷ்பாபுவுடையது. பத்து வருஷக் கூட்டாளி.

வண்டி கட்ட வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. ஜெனரேட்டரை வண்டியோடு சேர்த்துப் பொருத்துவதா, போர்ட்டபிள் வாங்குவதா? பொருத்துகிற வகை, வண்டிக்கு அடியில் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். புகைக்குழாயை நாங்களே வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவோம், யாரும் நகர்த்த முடியாது. அதில் ஒரு திருகு இருக்கும். மேனுவல், ஆஃப், ஆட்டோ என்று மூன்று நிலை. மேனுவலில் வைத்தால் உடனே ஓடும். ஆட்டோவில் வைத்தால், வெளிக் கரன்ட் போன எட்டாவது விநாடி தானாகவே ஓடத் தொடங்கும்.

போர்ட்டபிளுக்குச் சக்கரமும் கைப்பிடியும் உண்டு. கீழே இறக்கி, வயர் போகிற தூரத்துக்குத் தள்ளிவைத்து, கயிற்றை இழுத்தால்தான் ஓடும். எங்கே வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். அந்தப் புகையில் இருக்கிற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. அதனால் நான் எப்போதும் பொருத்துகிற வகையைத்தான் சிபாரிசு செய்வேன்.

என் மகள் ரக்ஷிதாவும் அப்படித்தான். எலெக்ட்ரிகல் படித்தவள். ஸ்ரீசிட்டியில் வேலை கிடைத்தும் போகாமல் ஷெட்டுக்கு வந்தாள். “நைனா, நம்ப வண்டிங்க ஒயரிங்க பாத்தா எலி கட்ன கூடு மாரி கீது” என்பாள். “அந்த எலி நான்தாம்மா, பாத்து பேசு” என்று சிரிப்பான் சுரேஷ்பாபு. அவளுக்கு இருபத்து மூன்று வயது.

போன டிசம்பரில் நெல்லூர்க்காரர் ஒருவரின் வண்டி. காலையில் நானே அவருக்கு ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டினேன். வெளிக் கரன்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, “எண்ணுங்க சார்” என்றேன். எட்டு எண்ணியதும் ஓடியது. மனுஷர் கைதட்டினார். காட்டி முடித்ததும் திருகை ஆஃபில் வைப்பது என் பழக்கம்.

பதினொரு மணிக்கு ரக்ஷிதா ஏ.சி. வயரை மாற்றுவதற்காக வெளிக் கரன்ட் பிளக்கைக் கழற்றிய கையோடு வண்டிக்குள் போனாள். சுரேஷ்பாபு வெளியே, ஜெனரேட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். நான் ஷெட் வாசலில் பலகை அறுத்துக்கொண்டிருந்தேன். ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. அதற்குள்ளே அவள் குரலும் கேட்டது. ஓடிப்போய்த் திருகைத் திருப்பி நிறுத்தினேன். நிறுத்தி என்ன? அதற்குள் கரன்ட் அவளைக் கொண்டுபோயிருந்தது.

“தானா ஓடிச்சிண்ணா, நா தொடவே இல்ல” என்றான் சுரேஷ்பாபு. ஆஃபில் இருக்கிற ஜெனரேட்டர் எப்படித் தானாக ஓடும்? பக்கத்தில் நின்றவன் அவன் ஒருவன்தான். அவன் வேண்டுமென்று செய்தான் என்று நான் சொல்லவில்லை. ஏ.சி.யைச் சோதித்துப் பார்க்கிற அவசரத்தில் போட்டிருப்பான். அதை ஒத்துக்கொண்டிருந்தால் போதும், நான் மன்னித்திருப்பேன்.

நான்தான் காணிப்பாக்கத்துக்குக் கூப்பிட்டேன். சத்தியம் பண்ணு என்றேன். பண்ணினான். குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு விநாயகர் முன்னால் நின்று, “அந்தத் திருக நா தொடல சாமி” என்றான். யாரும் கேட்காமலே ரோஹிணியும் குளத்தில் இறங்கினாள். “அவுரு சொல்றது பொய்யா இருந்தா எனக்கும் சேத்தே வரட்டும்ணா” என்றாள். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவளை நான் சேர்க்கவில்லை. அவளாகவே சேர்ந்துகொண்டாள்.

அங்கே சத்தியம் ஆகிவிட்டால் வழக்கு முடிந்தது. அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. பொய்ச் சத்தியமாக இருந்தால் தொண்ணூறு நாளுக்குள் சாமி பார்த்துக்கொள்வார் என்பார்கள் எங்கள் பக்கத்தில். “சத்தியம் பண்ட்டான். இத்தோட உட்டுடு” என்றாள் என் மனைவி செங்கமலம். அன்றைக்கே அவனுக்கு இலை போட்டுச் சாதம் பரிமாறினாள். மறுநாள் அவன் எப்போதும்போல ஷெட்டுக்கு வந்துவிட்டான். அவன் மனதில் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

நான் காத்திருந்தேன். இருபதாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு மாத்திரையில் சரியாகிவிட்டது. அறுபத்தோராம் நாள் பைக்கிலிருந்து விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு. தொண்ணூறாம் நாள் எனக்கு ஜிலேபி வாங்கிவந்து கொடுத்தான். சொந்தமாக ஒரு கேரவன் கட்டிக்கொண்டிருந்தான், அதன் வேலை முடிந்த சந்தோஷம்.

அந்த வண்டிக்கும் நான் நல்லதைத்தான் சொன்னேன்.

“வண்டியோட பொருத்திக்கோ. உனுக்கு அதாண்டா சரி” என்றேன்.

“வேணாண்ணா. தானா ஓடற மிஷின என் கண்ணால பாக்க முடியாது. நம்ப கைய வெச்சி இழுத்தா ஓடணும், இல்லாட்டி கம்னு கெடக்கணும்.”

“மழையில எறங்கி இழுத்துக்கினு இருப்பியா?”

“இழுக்கட்டும்ணா, தொப்பையாவது கொறையும்” என்றாள் ரோஹிணி.

மூன்று முறை சொன்னேன், மேடம். கேட்கவில்லை. பொருத்துகிற வகையாக இருந்திருந்தால் அவர்கள் இன்றைக்கு உயிரோடு இருப்பார்கள். தொழில் தெரிந்தவன் என்கிற முறையில் இதைச் சொல்கிறேன்.

தொண்ணூற்று மூன்றாம் நாள் காணிப்பாக்கத்தில் வண்டிக்குப் பூஜை. வண்டி கட்டியவன் என்று எனக்கு வேட்டியும் வெற்றிலைப் பாக்கும் வைத்துக் கொடுத்தார்கள். திரும்பும்போது வெயில் தாங்கவில்லை. தோப்பில் நிறுத்திச் சாப்பிட்டோம். சுரேஷ்பாபு ஜெனரேட்டரை இறக்கி, முப்பதடி தள்ளி வைத்தான். ஒரு பிடி மண்ணை அள்ளி உதிர்த்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தான். கவனமான ஆள். கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பிலேயே ஓடியது.

“வெளிய வெயில்ல இன்னாண்ணா பண்ணப் போற? உள்ள வந்து படு, எடம் கீது” என்று கூப்பிட்டாள் ரோஹிணி. எனக்கு மத்தியானம் தூங்கும் பழக்கம் கிடையாது என்றேன். ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

படியடியில் இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. அவளுடைய ஒரு செருப்பு கவிழ்ந்திருந்தது. அதை நேராக வைத்தேன். பிறகு ஜெனரேட்டரின் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து வண்டிக்கு அடியில் விட்டேன். வயருக்காக வண்டியின் தரையில் நான் போட்ட ஓட்டை அங்கேதான் இருக்கிறது. அடைக்க மறந்துவிட்டேன் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். நாளைக்கு அடைத்துக்கொள்ளலாம் என்றிருந்தான். ஓட்டியது நானில்லை, மேடம். கயிற்றை இழுத்தது அவன் கை. நான் இடம் மாற்றினேன், அவ்வளவுதான்.

நிழலில் உட்கார்ந்து மோரைக் குடித்தேன். ஒருமுறை உள்ளே ஏதோ விழுந்தது. சொம்பாக இருக்கும். மூன்று இருபதுக்கு ஜெனரேட்டரைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். மூன்றரைக்குக் கதவைத் தட்டினேன்.

எனக்குத் தெரிந்து இதில் தவறில்லை. சாமி முன்னால் அவர்களே கேட்டுக்கொண்டது. கொஞ்சம் தாமதமாகிவிட்டது, நான் முடித்துக் கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் தாட்சாயணி மேடம், நீங்களும் நகரிக்காரர். எங்கள் பக்கத்துச் சத்தியம் உங்களுக்குத் தெரியாததில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு நீங்கள் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

“தொண்ணூறு நாள் அவங்களுக்கு ஒன்னும் ஆவலியே. அதுக்கு இன்னா அர்த்தம்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?”

சாமிக்கு எவ்வளவோ வேலை என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. ரக்ஷிதாவின் பழைய ஃபைலை எடுத்து விரித்தீர்கள்.

“அன்னிக்கி ஓடிப்போய் நிறுத்துனது நீங்கதானே? சுரேஷ்பாபு கையால போட்டிருந்தா திருகு மேனுவல்ல இருந்திருக்கணும். நீங்க திருப்பும்போது அது எதுல இருந்திச்சி?”

இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை, மேடம். என் மனைவி கேட்கவில்லை. சுரேஷ்பாபுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

“ஆட்டோல இருந்திச்சி மேடம். காலைல நா வெச்ச மாரியே.”