புளுகுன்னு ஒரு பட்டன்

சத்தியமாச் சொல்றேன் தம்பி, இதுல ஒரு வார்த்த பொய் கெடையாது. என் ரெண்டு கண்ணும் சாட்சி. சிரிக்காதீங்க. மூஞ்சியப் பாத்தாலே புளுகன்னு தெரியுதுன்னு நெறைய பேரு சொல்லிட்டாங்க. நான் என்ன பண்றது, அமைப்பு அப்படி. இப்பிடித் தள்ளி உக்காருங்க, வெயில் உங்க மேலயே அடிக்குது.

எங்க விட்டேன்? ஆங், என் மருமக. கம்ப்யூட்டர் வேல, வீட்லயே உக்காந்து பண்ணுவா. போன்ல, டேப்ல நாம தொடுறோமே பட்டன், பெட்டி, அதெல்லாம் வச்சுத் திரைய அமைச்சுத் தர்றவ. ஆனா பட்டன அவளே செய்யறதில்ல. ஒரு கம்பெனி ரெடிமேடா செஞ்சு விடுது. இவ அதுலேருந்து ஒரு புள்ளப் பட்டனப் பெத்து எடுத்துக்குவா. அப்பன் பட்டனோட வேலையெல்லாம் புள்ளைக்கும் வந்துரும், அதுக்கு மேல தனக்கு வேணும்கிற குணத்த மட்டும் இவ சேத்துக்குவா. அந்தத் தொழிலே அதுலதான் ஓடுது.

தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சாலும் கேளுங்க, பஸ் வர்ற வரைக்கும் என்ன பண்ணப் போறீங்க.

ஒரு அம்மாவுக்கு அவ அப்படி ஒண்ணு செஞ்சு குடுத்தா. பக்கவாதம் அந்தம்மாவுக்கு. பேச்சு சுத்தமா நின்னுபோச்சு, ஒரு கை போச்சு, மிச்சக் கையும் நடுங்கும். டேப்ல தண்ணி, வலி, ஜன்னல், போதும்னு பெருசு பெருசா பட்டன். தொட்டா அது பேசும். இன்னும் என்ன வேணும்னு மருமக கேட்டா. அந்தம்மா எழுத்து எழுத்தாத் தொட்டுக் காட்டிக் கேட்டு வாங்கினது என்ன தெரியுமா? புளுகு. ஆமா, புளுகுன்னு ஒரு பட்டன். வீட்டுக்காரருக்காக. அந்த ஆளு வாயத் தொறந்தா அளப்புதான். மழக்காத்துல குடையோட பறந்துபோய் ரெண்டு தெரு தள்ளி எறங்கினேம்பாரு. கதையில காத்து கெளம்பறப்பவே அந்தம்மா விரல் பட்டனுக்குக் கெளம்பிரும். புளுகுன்னு டேப் சொல்லும். வீடே சிரிக்கும், அந்தாளும் சிரிப்பாரு.

ஆனா விரல் இருக்கே, வச்ச எடத்துல நிக்காது. வழுக்கும், எடுக்க நேரமாகும். பட்டனுக்கு ஒரு பொறுமை உண்டு தம்பி. இன்ன நேரத்துக்குள்ள விரல எடுத்தாத்தான் தொட்டதாக் கணக்கு, இல்லேன்னா யாரோ தெரியாம உரசிட்டாங்கன்னு விட்டுரும். மருமக புள்ளப் பட்டன்ல அந்தப் பொறுமைய மட்டும் ஏத்தி வச்சா. எவ்வளவு நேரமானாலும் இரு, அம்மா சொல்லி முடிப்பாங்கன்னு.

நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. ஒரு நாள் அப்டேட்டுன்னு டேப் தானாப் புதுசு ஆயிருச்சு. பழைய பட்டன் அதுல ஓடல. புதுப் பட்டன எடுத்துப் பாத்தா, பொறுமைக்கு முன்னாடி ப்ரைவேட்னு ஒரு வார்த்தையப் போட்டு வச்சிருக்கான் கம்பெனிக்காரன். இனிமே அப்பன் மட்டும்தான் தொடலாம், புள்ள எட்டிப் பாக்கக்கூட முடியாது. சொத்தெல்லாம் உனக்குத்தான்டான்னு சொல்லிட்டு பீரோ சாவிய இடுப்புல சொருகிக்கிற அப்பன் மாதிரி.

அவ சும்மா விட்டாளா? அதே பேர்ல புள்ளைக்குத் தனியா ஒரு பொறுமை வச்சுப் பாத்தா. அப்பன் அது பக்கம் திரும்பவே இல்ல, தன் பீரோவையே பாத்துக்கிட்டு நிக்கிறான். சரி, அப்பன் பட்டனையே அப்படியே பேத்து எடுத்துக்கலாம்னு பாத்தா, அது இன்னொரு பூட்டின பெட்டியக் கேக்குது, அந்தப் பெட்டி வேறொண்ணக் கேக்குது. சொவத்துல ஓட்ட போடற மாதிரி ஒரு திருட்டு வழியும் இருக்காம். அதுல போனா டேப் மொத்தமா நின்னுபோகுது. சொந்தமா ஒரு பட்டன் செஞ்சா, தொட்டா அமுங்குது, ஆனா பேச்சு வரல. குரல் அந்தக் கம்பெனி பட்டனுக்குத்தான் கட்டுப்படுமாம்.

கம்பெனிக்குக் கேட்டு எழுதினா. பதில் வந்துச்சே, ரொம்ப மரியாதையா. அது உள்விஷயம், நாங்க எப்ப வேணா மாத்துவோம், வெளிய இருந்து தொட்டா நாளைக்கு உங்களுக்கே ஒடஞ்சுபோகும், அதனாலதான் மூடினோம்னு. அதுவும் நியாயந்தான் மாமாங்கறா இவ. அதான் தம்பி கொடும. திட்டலாம்னா ஒரு ஆள் அகப்பட மாட்டேங்குது.

அதுவா? போகட்டும், அது என் பஸ் இல்ல. அதுக்கு முன்னாடி போனதும் இல்ல. நான் எங்கயும் போகல தம்பி. எதிர்ல இந்தக் கண்ணாடிக் கட்டடத்துலேருந்து உங்க கழுத்துல இருக்கற கார்டு மாதிரி மாட்டிக்கிட்டு யாராவது வந்து உக்காருவாங்களான்னு தினமும் இங்க வந்து இருக்கேன். மருமகளுக்கு வந்த பதில்லயும் உங்க கார்டுல இருக்கற இதே கம்பெனிப் படந்தான் போட்டிருந்துச்சு.

நேத்து அவகிட்ட குடைக் கதைய எடுத்தேன். மருமககிட்ட இல்ல, என் வீட்டுக்காரிகிட்ட. ரெண்டு தெருன்னேன். விரலக் கொண்டுவந்து வச்சா, நடுங்குது, அழுத்தறா. ஒண்ணும் வரல. சரி, கொஞ்சம் நேரம் குடுப்போம்னு ரெண்டு ஊருன்னேன். வரல. கடலத் தாண்டினேன், மேகத்துல உக்காந்து சோறு தின்னேன்னேன். அவ அழுத்திக்கிட்டே இருக்கா. எங்க எறங்கறதுன்னு எனக்குத் தெரியல தம்பி. எறக்கி விடறவ அவதானே.

நீங்க கணக்குப் பாக்கற பிரிவா? பட்டன் பிரிவு யாருன்னே தெரியாதா? இருக்கட்டும். என்னை அந்த வாசல்லயே நிறுத்திடறாங்க, உங்க கார்டுக்குக் கதவு தெறக்குதில்ல. உள்ள யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க, அந்த ப்ரைவேட்ங்கற ஒரு வார்த்தய எடுக்கச் சொல்லி. முடியாதுன்னா முடியாதுதான்.

ஆனா யார் சொன்னதுன்னு மட்டும் சொல்லிராதீங்க. மாமா ரோட்ல உக்காந்து கெஞ்சினாருன்னு தெரிஞ்சா மருமக தாங்க மாட்டா. யாரோ ஒரு கெழவன், பஸ் வர்ற வரைக்கும் அளந்துக்கிட்டிருந்தான்னு சொல்லுங்க, போதும்.