தப்பாகப் படித்த டேப் அத்தை

மேடையில் வீற்றிருக்கும் தலைமை நூலகர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், நம்மை விட்டுப் பிரிந்த அம்மையாரின் கணவர் அவர்களே, பெற்றோர்களே, குழந்தைகளே, வணக்கம்.

சனிக்கிழமைதோறும் இந்த நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை வாசிப்பவள் நான். மறைந்த நம் மின்னூல் பிரிவுப் பொறுப்பாளரை, நீங்களெல்லாம் 'டேப் அத்தை' என்று கொண்டாடிய அம்மையாரை, புகழ்ந்து பேச என்னை அழைத்திருக்கிறார்கள். புகழ்கிறேன். அதற்கு முன் ஓர் உண்மை: ஆறு வருடமாக அவரைப் பார்த்து வயிறெரிந்தவள் நான்!

எரியாதா? நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்த என் கூடத்தில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள். மற்றவர்கள்? வீட்டுக்கு வீடு டேப்லெட்டில் மின்னூலைத் திறந்து, அவர் பதிவுசெய்த குரலைக் கேட்டபடி, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்கள். அதையாவது பொறுத்தேன். நான் புத்தகத்தை எடுத்தாலே சோபாவுக்கு அடியில் புகுந்துகொள்ளும் என் மகன், அவர் குரலுக்கு அசையாமல் உட்கார்ந்தான்! எந்தத் தாய் பொறுப்பாள்?

குற்றம் கண்டுபிடிக்கக் கிளம்பினேன். கிடைத்தது! எழுத்தில் பூனை இருக்கும். யானை என்று வாசிப்பார். மூன்று வாத்து இருக்கும், முப்பது என்பார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதினேழு பிழைகளைப் பொறுக்கி, ஒரு தாளில் எழுதி, தலைமை நூலகரின் மேசையில் வைத்தேன்.

அவர் கூப்பிட்டு விசாரித்தபோது அம்மையார் கோபப்பட்டாரா? தாளை நிதானமாகப் பார்த்தார்.

"பதினெட்டு இருக்கே அக்கா, ஒண்ணை விட்டுட்டீங்க. உங்க பையன் அதையும் பிடிச்சு என்கிட்ட வந்து சொல்லிட்டான். சரியாப் படிச்சா பிள்ளைங்க சும்மா கேட்டுட்டுப் போயிடும். தப்பாப் படிச்சாத்தான் எழுத்தைப் பாக்கும். 'தப்பு, தப்பு'ன்னு வீட்ல இருக்கிறவங்களை இழுத்துட்டு வரும். அப்புறம் சேந்து படிப்பாங்க."

வீட்டுக்குப் போய் விசாரித்தேன். என் மகன் தினமும் இழுத்துவந்து காட்டியது அவன் அப்பாவிடம். ஏன்டா என்னைக் கூப்பிடவில்லை?

"நீ டேப்பைப் பாத்தாலே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவியேம்மா."

அன்று அழுதேன். அவர் மேல் வந்த பொறாமை மட்டும் ஒரு துளி குறையவில்லை.

அவர் வாசிக்காமல் விட்டுப்போன அறுபது மின்னூல்களை என்னிடம் தாருங்கள் என்று நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். இருபது வருடம் பிழையில்லாமல் வாசித்த வாயைத் தப்பாக வாசிக்கப் பழக்குகிறேன். முதல் புத்தகத்தை நேற்று மகனுக்குப் போட்டுக்காட்டினேன். மூன்றாம் பக்கத்தில் "தப்பு!" என்று கத்தி, என் கையைப் பிடித்து இழுத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

உடனே சொன்னான்: "ஆனா அத்தை இன்னும் நல்லாத் தப்பு விடுவாங்கம்மா."

அம்மையாரே! உங்கள் வேலையை நிறுத்தமாட்டேன். உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதையும் நிறுத்தமாட்டேன்.